மாண்டன் கோட்டைக் குளிர்காலம், 1804–05: கண்காட்சி மாதிரிக்குச் சரியான விவரம் வேண்டும்

தக்கலை வாசகர்

வணக்கம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் லூயிஸ்–கிளார்க் பயணத்தை, அதாவது அமெரிக்கப் படைக்குழு ஒண்ணு மிசூரி ஆத்து வழியா மேற்கே போன பயணத்தை, எடுத்திருக்காங்க. முழுப் பயணமும் வேண்டாம். வடக்குச் சமவெளியில், இன்றைய வடக்கு டகோட்டாவில், மாண்டன், ஹிடாட்சா என்ற பூர்வகுடி மக்களோடு அவர்கள் கழித்த அந்த ஒரு குளிர்காலம் மட்டும் போதும்னு முடிவு பண்ணியாச்சு. கோட்டைக்கு ஒரு மாதிரி, மண்வீட்டுக்கு ஒரு மாதிரி, கூடவே இருபது நிமிஷப் பேச்சு.

பிள்ளைகள் தேடி எடுத்த படத்துல கோட்டை சதுரமா, நாலு மூலையிலும் காவல் கோபுரத்தோட நிக்குது. பேச்சுக் குறிப்புல "ஆளில்லாக் காட்டில் வேட்டையாடி உயிர் பிழைத்தார்கள்"னு எழுதியிருக்கு. ரெண்டுமே எனக்கு உறுத்துது. கோட்டைக்கு உண்மையான அளவு என்ன? நாற்பது சொச்சம் பேருக்கு அஞ்சு மாசம் சாப்பாடு எங்கிருந்து வந்தது? ஆறு உறைஞ்சப்போ படகுகளை என்ன செஞ்சாங்க? டிசம்பர்ல கூட விசிறி போட்டுத் தூங்குற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் குளிரை எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும்.

கோட்டாறு ஆசிரியர்

சதுரக் கோட்டைப் படத்தை முதலில் கழற்றி வையுங்கள். மாண்டன் கோட்டை முக்கோணம். கட்டுமானத்தைப் பற்றித் தெளிவாக எழுதி வைத்தவர் பயணக்குழுவின் சார்ஜன்ட் பேட்ரிக் காஸ். அவர் தச்சர் என்பதால் அளவுகளை நம்பலாம்.

இரண்டு வரிசை அறைகள், வரிசைக்கு நான்கு. ஒவ்வோர் அறையும் 14 அடி சதுரம். இரண்டு வரிசையும் ஒரு முனையில் சந்தித்துக் கோணமாக நிற்கும். அந்தக் கோணத்தில் உணவும் சாமானும் வைக்க இரண்டு அறைகள். திறந்த மூன்றாவது பக்கத்தில் பருத்த மரங்களை நட்டு வேலி. ஆகக் கோபுரம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் குளிர்காலத்தில் கோட்டைக்கு வந்து போன நார்த் வெஸ்ட் கம்பெனி வணிகர் லாரோக், வரிசைகள் சேரும் மூலையில் அரைவட்டமாக ஓர் அரண் இருந்ததாகவும் இரவு முழுக்க அதன் மேல் காவலாள் நின்றதாகவும் எழுதியிருக்கிறார். மாதிரியில் அந்த அரைவட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலான மாதிரிகள் தவறுவது கூரையில். அறைச் சுவர் 7 அடி உயரம் எழும்பியதும் பிளந்த மரப்பலகைகளைக் குறுக்கே பரப்பி, அதன் மேல் புல்லும் களிமண்ணும் போட்டு மூடினார்கள். அதுதான் மச்சு. அறையின் சூடு மேலே ஓடிவிடாமல் பிடித்து வைத்தது இந்தக் களிமண் மச்சுதான். கூரை அதற்கும் மேலே ஒற்றைச் சரிவு: முற்றத்தை நோக்கிய பக்கம் தாழ்வு, வெளிப்பக்கம் உயர்வு. வெளிச்சுவர் சுமார் 18 அடிக்குப் போகும். மச்சுக்கு மேலுள்ள பகுதி ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்கிறார் காஸ். பிள்ளைகள் வழக்கமான வீடு போல இரட்டைச் சரிவு வைத்தால் மொத்தமும் தவறாகிவிடும்.

ஓர் அங்குலத்துக்கு 4 அடி என்று கணக்கு வைத்தால் ஒரு வரிசை 14 அங்குலம், ஓர் அறை மூன்றரை அங்குலம், மச்சு ஒன்றேமுக்கால் அங்குலத்தில், வெளிச்சுவர் நாலரை அங்குலம். வேலிப் பக்கமும் ஏறத்தாழ ஒரு வரிசை நீளம் வரும்படி கோணத்தை வைத்தால் மேசையில் அழகாக உட்காரும். மரம் ஆற்றோரத்துக் காட்டன்வுட், பாப்ளர் இனம். நேராக வளரும், கோடாலிக்கு மிருதுவானது. ஆனால் பச்சையாக வெட்டினால் நல்ல கனம், காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், மண்ணில் பட்டால் சீக்கிரம் உளுத்துப்போகும். அங்கே அதிகம் கிடைத்த பெருமரம் அதுதான், அதனால் அதையே வெட்டினார்கள்.

நவம்பர் 3 அன்று வேலை தொடங்கியது. 13-ஆம் தேதி ஆற்றில் பனிக்கட்டி மிதந்து வர ஆரம்பித்துவிட்டது. 20-ஆம் தேதி வாக்கில் குடிசைகளுக்குள் புகுந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று கொடி ஏற்றினார்கள். 1805 ஏப்ரல் 7 அன்று காலி செய்தார்கள். 1806 ஆகஸ்டில் திரும்பி வந்தபோது பின்பக்க அரணில் ஒரு வீடும் முன்னால் சில வேலிமரங்களும் தவிர மிச்சம் எல்லாம் எரிந்து கிடந்தது.

18 அடிச் சுவர் பற்றி ஒரு பக்கச் செய்தி. பிப்ரவரி 9 இரவு தாமதமாக வந்த தாமஸ் ஹோவர்ட் என்ற படைவீரர், கதவைத் திறக்கச் சொல்லாமல் சுவரேறிக் குதித்தார். பார்த்துக்கொண்டிருந்த பூர்வகுடி ஒருவரும் அதே வழியில் ஏறி உள்ளே வந்தார். லூயிஸுக்குக் கோபம் வந்தது சுவரேறியதற்காக மட்டுமல்ல, ஏறும் வழியைக் காட்டிக்கொடுத்ததற்காக. விசாரணையில் 50 கசையடி விதித்து, பிறகு தள்ளுபடி செய்தார்கள்.

"ஆளில்லாக் காடு" என்ற வரியை அடித்துவிடுங்கள். நைஃப் ஆறு மிசூரியில் சேரும் இடத்தைச் சுற்றி ஐந்து ஊர்கள்: மாண்டன் ஊர் இரண்டு, ஹிடாட்சா ஊர் மூன்று. மொத்தம் நாலாயிரத்துக்கு மேல் மக்கள். அன்றைய செயின்ட் லூயிஸில் ஆயிரம் பேர் அளவில்தான். 1800 கணக்கெடுப்பில் தலைநகர் வாஷிங்டனிலேயே 3,210 பேர்தான். அதாவது பயணக்குழு வந்து சேர்ந்தது தாங்கள் புறப்பட்ட ஊரைவிடப் பெரிய ஊர்க்கூட்டத்துக்கு.

முதல் வெளியாட்களும் இவர்கள் இல்லை. பிரெஞ்சு வணிகப் பயணி லா வெரன்ட்ரி 1738 டிசம்பரிலேயே மாண்டன் ஊர்களுக்கு வந்தார். வேல்ஸ் நாட்டுப் பயணி ஜான் எவன்ஸ் 1796–97 குளிர்காலத்தை இவர்களோடு கழித்தார். அடுத்த குளிர்காலத்தில் நில அளவையாளர் டேவிட் தாம்சன். எவன்ஸ் வரைந்த வரைபடத்தின் நகல் கிளார்க்கின் கையில் இருந்தது.

பூதப்பாண்டி வயல்

சாப்பாட்டுக் கேள்விக்கு நான் எழுதுகிறேன். ஆசிரியர் சார் கோட்டையோடு நிறுத்திக்கொண்டார், சோறுதானே முக்கியம்.

அந்தக் குளிர்காலத்தைத் தாங்கியது வேட்டை மட்டும் இல்லை, மக்காச்சோளம். விளைவித்தவர்கள் மாண்டன், ஹிடாட்சா பெண்கள். மக்காச்சோளம், அவரை, பூசணி, சூரியகாந்தி இந்த நாலும் அவர்கள் வயல். ஆண்களுக்குப் புகையிலைப் பாத்தி மட்டும். குறுகிய கோடைக்குள் முற்றிவிடும் கெட்டி மணி ரகச் சோளம் அது. வசந்தத்தில் முதலில் சூரியகாந்தி விதைப்பார்கள். காட்டு நெல்லிப் புதர் இலை விட்டதும் சோளம்.

பயணக்குழு அந்தச் சோளத்தை என்ன கொடுத்து வாங்கியது? மணியும் ரிப்பனும் எவ்வளவு நாளைக்குச் செல்லும்? கடைசியில் காப்பாற்றியது கொல்லுப்பட்டறை. ஜான் ஷீல்ட்ஸ் தலைமையில் கரிச்சூளை போட்டு, உலை மூட்டி, ஊர்க்காரர்களின் மண்வெட்டி, கோடாலி, துப்பாக்கி எல்லாம் சரிசெய்து கொடுத்துச் சோளம் வாங்கினார்கள். பிறகு சண்டைக் கோடாலிக்கு ஏகக் கிராக்கி. அந்தக் கோடாலியின் அளவை லூயிஸ் குறித்திருக்கிறார்: அலகு மிக மெல்லியது, 7 முதல் 9 அங்குல நீளம், வெட்டுவாய் 4¾ முதல் 6 அங்குலம், காம்பு பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு மேல் இல்லை, மொத்த எடை ஒரு பவுண்டு. வடிவம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் வாங்குகிறவர் கேட்டதைத்தானே அடித்துக் கொடுக்க வேண்டும்.

இன்னும் நல்ல வியாபாரம் ஒன்று. படகில் கொண்டுவந்த இரும்புத் தகடு அடுப்பு ஒன்று வழியிலேயே எரிந்து ஓட்டையாகிவிட்டது. அதை நாலு அங்குலச் சதுரமாக வெட்டிப் போட்டார்கள். ஒரு துண்டுக்கு 7 முதல் 8 கேலன் சோளம், அதாவது 26 முதல் 30 லிட்டர். ஊர்க்காரர்கள் ஏமாந்துபோய்க் கொடுத்தார்கள் என்று எழுதிவிட வேண்டாம். அந்தத் தகட்டில் அம்பு முனையும் தோல் சுரண்டும் கருவியும் செய்தார்கள். காட்டெருமைத் தோலைப் பதப்படுத்தி விற்கிற ஊருக்குச் சுரண்டி என்பது சம்பாதிக்கும் கருவி. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: படைத்தலைவர்கள் மாண்டன்களுக்கு இரும்பு ஆலை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள், சோளம் அரைக்க. 1806-இல் அலெக்ஸாண்டர் ஹென்றி என்ற வணிகர் போய்ப் பார்த்தபோது அதை உடைத்து அம்பு முனை ஆக்கியிருந்தார்கள். உடைக்க முடியாத பெரிய துண்டுக்கு மரக்காம்பு போட்டு எலும்பு இடிக்க வைத்திருந்தார்கள். மரஉரலில் சோளம் இடிக்கும் வேலை அவர்களுக்கு ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்தது. பற்றாக்குறை இரும்புக்குத்தான்.

சோளத்தைச் சேமித்த விதம்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது. குதிர் தரைக்கு மேலே இல்லை, தரைக்குக் கீழே. வாய் குறுகி, கீழே அகன்ற குடம் போன்ற குழி. பெரியது ஒரு ஆளை முழுக்க விழுங்கும் ஆழம், இறங்க ஏணி வேண்டும். மேக்ஸிதிவியாக் என்ற ஹிடாட்சாப் பெண்மணி இதைப் படிப்படியாகச் சொல்லி வைத்திருக்கிறார். குழியின் அடியில் குச்சியும் காய்ந்த புல்லும் பரப்பணும், சுவரிலும் புல் அணைக்கணும். பின்னிக் கட்டிய முழுக்கதிர்ச் சரங்களைச் சுவரை ஒட்டி அடுக்கணும். நடுவில் உதிர்த்த மணி. அந்த மணிக்குள் புதைந்தாற்போல் உலர்ந்த பூசணித் துண்டுச் சரம். ஏன் பூசணி நடுவில்? ஈரத்தில் முதலில் கெடுவது பூசணி, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கதிர் ஓரளவு ஈரம் தாங்கும், அதனால் அது காவல். வாயைத் தோல், பலகை, புல், மண் என்று அடுக்காக மூடி, மேலே சாம்பலைத் தூவிக் குழி இருக்கிற இடமே தெரியாமல் செய்துவிடுவார்கள், ஊரை விட்டுப் போகிற நேரத்தில் சூறையாட வருகிறவன் கண்ணில் படக்கூடாது என்று. கெடுவது எங்கே என்றால் வாய்மூடியில்தான். மேல்மண் சரியாக இறுகாமல் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் குழி மொத்தமும் பூஞ்சணம்.

கண்காட்சிக்கு ஒரு கண்ணாடி ஜாடியில் இதைக் குறுக்குவெட்டாகக் காட்டலாம்: ஓரத்தில் கதிர், நடுவில் மணி, மையத்தில் பூசணி வற்றல்.

தக்கலை வாசகர்

ரொம்ப நன்றி அக்கா. ஜாடி யோசனை பிரமாதம். அப்போ வேட்டையே நடக்கலையா? பிள்ளைங்க மான் படம் எல்லாம் வரைஞ்சு வச்சிருக்காங்க.

பூதப்பாண்டி வயல்

நடந்தது தம்பி, நிறையவே. படத்தைக் கிழிக்க வேண்டாம். ஆனால் வேட்டையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பிப்ரவரி மாசக் கணக்கே போதும்.

இறைச்சி தீர்ந்துபோய் பிப்ரவரி 4 அன்று கிளார்க் 16 பேரோடு உறைந்த ஆற்றின் மேலேயே நடந்து கிளம்பி, 12 இரவு திரும்பினார். 40 மான், 3 காட்டெருமைக் காளை, பத்துக்கு மேல் எல்க் என்ற பெரிய மான். ஆனால் பாதிக்குளிர்காலத்து மான் எலும்பும் தோலும், பலதும் சாப்பிடவே லாயக்கில்லை என்று அவரே எழுதுகிறார். கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் தின்றால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. கடுங்குளிரில் சூட்டுக்குக் கொழுப்பும் மாவுச்சத்தும் வேண்டும். சோளத்தின் அருமை அங்கேதான்.

சுமக்க முடியாத இறைச்சியை ஓநாயும் காக்கையும் தொடாதபடி மரக்கட்டைகளை நெருக்கி அடுக்கிய பட்டிக்குள் வைத்துவிட்டு வந்தார்கள். அதை எடுத்துவர 14-ஆம் தேதி நாலு பேரை மூன்று குதிரை, சறுக்குவண்டியோடு அனுப்பினார்கள். வழியில் சூ என்ற இன்னொரு பூர்வகுடி இனத்து வீரர்கள் நூறு பேருக்கு மேல் மறித்து இரண்டு குதிரைகளைப் பறித்துக்கொண்டார்கள். அடுத்து லூயிஸ் ஒரு கூட்டத்தோடு போய் 36 மானும் 14 எல்க்கும் சுட்டு, பழைய இருப்பையும் சேர்த்து 21-ஆம் தேதி சுமார் 3,000 பவுண்டு இறைச்சி கொண்டுவந்தார். அதில் 2,400 பவுண்டு ஏற்றிய ஒரு சறுக்குவண்டியை 16 ஆள் இழுத்தார்கள். அந்த உழைப்புக்கு அவர்களே எவ்வளவு தின்ன வேண்டியிருக்கும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

காட்டெருமை வேட்டை வேறு விஷயம், அது ஊர்க்காரர்களின் வித்தை. டிசம்பர் 7 அன்று கீழ்மாண்டன் ஊர்த் தலைவர் ஷெஹெகே வந்து, மந்தை பக்கத்தில் நிற்கிறது என்று சொல்லி அழைத்தார். அவர்கள் குதிரை மேலிருந்தே வில்லால் அடிக்கிறார்கள். இவர்கள் துப்பாக்கியோடு நடந்து போனார்கள். அங்கே ஒரு வழக்கம்: செத்த எருமையில் அம்போ வேறு அடையாளமோ இல்லாவிட்டால் முதலில் பார்த்தவருக்குச் சொந்தம். துப்பாக்கிக் குண்டு அடையாளம் விடாதே! இவர்கள் சுட்டுவிட்டுத் தூக்க முடியாமல் விட்டதெல்லாம் ஊர்க்காரர்களுக்குப் போயிற்று.

குளச்சல் கரை

படகு விஷயத்துக்கு நான் வாறேன்.

மூணு படகு. 55 அடி நீளம், 8 அடி அகலத்துல பாய்மரம் வச்ச கீல்போட் ஒண்ணு, பெரிய வள்ளம் ரெண்டு. உறையுறதுக்கு முன்னாடியே மூணையும் கரையேத்திப் போட்டிருக்கணும். போடல. டிசம்பர் ஆரம்பத்துல ஆறு இறுகினப்ப மூணும் உள்ள மாட்டிக்கிட்டு.

பனியில நின்னா என்ன கேடுன்னு கேட்பீங்க. உறைஞ்சு நிக்கிறப்ப பெரிய ஆபத்து இல்ல, உடையுறப்பதான். வசந்தத்துல பனிப்பாளம் உடைஞ்சு வெள்ளத்தோட நகரும்போது அடியில பிடிச்சிருக்கிற படகையும் பிய்ச்சுக்கிட்டுப் போயிரும், இல்ல ரெண்டு பாளத்துக்கு நடுவுல நசுக்கிரும். அதனால மார்ச்சுக்கு முன்னாடி வெளிய எடுத்தே ஆகணும்.

பிப்ரவரி 3-ஆம் தேதி லூயிஸ் எழுதியிருக்கிற குறிப்பு படகுக்காரங்க ஒவ்வொருத்தரும் படிக்க வேண்டியது. பனி ஒரே கட்டியா இல்ல. பல அடுக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கனம், அடுக்குக்கு நடுவுல தண்ணி ஓடுது. கோடாலியால மேலடுக்கை வெட்டின உடனே நடுவுல இருக்கிற தண்ணி குபுகுபுன்னு மேல வந்து குழியை நிரப்பிரும். தண்ணிக்குள்ள கோடாலி வீசி அடியடுக்கை வெட்ட முடியாது. அடியடுக்குதான் படகோட அடிப்பலகையைப் பிடிச்சு வச்சிருக்கு. வேலை அங்க நின்னு போச்சு.

அடுத்த யோசனை, கல்லை நெருப்புல பழுக்கக் காய்ச்சிப் படகுக்குள்ள தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சா சுத்தியிருக்கிற பனி உருகும்ணு. நல்ல யோசனைதான். ஆனா அங்க கிடைக்கிற கல்லு பூராவும் சுண்ணாம்புச் சத்து உள்ளது, நெருப்புல வச்சதும் பொடிப்பொடியா வெடிச்சுப் போச்சு. கருங்கல் கிடைச்சிருந்தா கதை வேற.

மூணாவதுதான் பலிச்சது. கொல்லுப்பட்டறையில இரும்பு முனை அடிச்சு நீளக் கம்புல மாட்டினாங்க. கோடாலியை வீச இடம் வேணும், கம்பைக் குத்த இடம் வேண்டாம். தண்ணி நிரம்பி நின்னாலும் அதுக்குள்ள விட்டு அடியடுக்கைக் குத்திப் பெயர்க்கலாம். அப்புறம் கரையில மர விஞ்ச் ஊன்றி, எல்க் தோலை முறுக்கின வடத்தால இழுத்தாங்க. தோல்வடம் பலதடவை அறுந்துச்சு. பச்சைத்தோல் நனைஞ்சா இளகி நீளும், பாரம் ஒரே சீரா ஏறாது, அறுந்திரும். பிப்ரவரி 26 சாயங்காலம் மூணும் கரையில.

வசந்தத்துல கீல்போட்டைக் கார்ப்பரல் வார்ஃபிங்டன் பொறுப்புல கீழ செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிட்டாங்க, மேல ஆறு ஆழம் குறைவு. மேற்கே போக காட்டன்வுட் மரத்தைக் குடைஞ்சு ஆறு வள்ளம் செஞ்சு, பழைய ரெண்டு பெரிய வள்ளத்தோட 33 பேர் கிளம்பினாங்க.

ஊர்க்காரங்க படகையும் சொல்லணும். வில்லோக் கழியை வட்டமா வளைச்சு ஒரே ஒரு காட்டெருமைத் தோலை மேல போர்த்திக் கட்டின தோற்படகு. ஒரு பொம்பளை தனியா முதுகுல தூக்கிட்டுப் போயிரலாம். பனியில மாட்டிக்கிற பேச்சே இல்ல, வீட்டுக்குள்ள கொண்டுபோய் வச்சிரலாமே. 55 அடிப் படகு வச்சிருந்தவங்களுக்கு அந்த வசதி கிடையாது.

மார்ச் கடைசியில பனி உடைஞ்சு ஓடுறப்ப இன்னொரு காட்சி கிளார்க் எழுதியிருக்கார். ஆத்தைக் கடக்கையில மாட்டிக்கிட்ட காட்டெருமைங்க மிதந்து வரும். மாண்டன் ஆளுங்க மிதக்கிற பாளத்துல இருந்து பாளத்துக்குத் தாவித் தாவிப் போய் அதைப் பிடிப்பாங்க. ரெண்டடி சதுரம்கூட இல்லாத பாளம்!

மார்த்தாண்டம் செவிலி

குளிர் பற்றி மட்டும்.

1804 டிசம்பர் 17 அன்று குறிப்பில் உள்ள அளவு பூஜ்ஜியத்துக்குக் கீழே 45 டிகிரி பாரன்ஹீட், அதாவது −43 °செ. ஜனவரி 10 அன்று −40. (−40-இல் பாரன்ஹீட்டும் சென்டிகிரேடும் ஒன்றே. பலகையில் எழுத அந்த எண் வசதி.) ஒரு எச்சரிக்கை: பாதரசம் −38.8 °செ-இல் உறைந்துவிடும். பாதரச வெப்பமானி என்றால் அதற்குக் கீழே காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. "சுமார் −40" என்று போடுவதே நேர்மை. பிள்ளைகளுக்கு ஒப்பிட: கடலோர மீன் ஏற்றுமதி ஆலைகளில் மீனைச் சட்டென்று உறையவைக்கும் அறையும் ஏறத்தாழ −40 தான். மீனைப் பத்திரமாக வைக்கும் குளிரறை −18.

திறந்த வெளியில் நின்ற காவலாளை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது.

ஜனவரி 9 இரவு 13 வயது மதிக்கத்தக்க மாண்டன் சிறுவன் ஒருவன் வெட்டவெளியில் ஒரே ஒரு காட்டெருமைத் தோலைப் போர்த்திப் படுத்திருந்து, காலையில் கால் உறைந்து கோட்டைக்கு வந்தான். கிளார்க் அவன் காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொன்னார். அன்றைய வைத்தியம் அது. விரல்கள் பிழைக்கவில்லை. 27-ஆம் தேதி ஒரு காலின் விரல்களையும் 31-ஆம் தேதி மறுகாலின் விரல்களையும் எடுத்தார்கள். இன்றைய முறை: 37–39 °செ வெதுவெதுப்பான நீரில், நிறம் திரும்பித் தோல் மென்மையாகும்வரை, பொதுவாக 15–30 நிமிடம். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் கேடு. நேரடி நெருப்பில் காட்டக் கூடாது, உணர்ச்சி இல்லாத கால் வெந்துபோவதே தெரியாது. மறுபடியும் உறையும் வாய்ப்பு இருந்தால் உருக்கவே வேண்டாம். உருகி மீண்டும் உறைந்த திசுவுக்குச் சேதம் இரட்டிப்பு.

அதே இரவு இன்னோர் ஆள் நெருப்பும் இல்லாமல், அதைவிடக் குறைந்த உடையோடு வெளியே படுத்து ஒன்றும் ஆகாமல் எழுந்து வந்தார். கிளார்க் ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார்.

பனியில் வெயில் பட்டுக் கண் கூசிப் பார்வை மங்குவதற்கு ஊர் வைத்தியம்: சூடான கல்லில் பனியைப் போட்டு எழும் ஆவியைக் கண்ணில் பிடிப்பது. வலியைத் தணித்திருக்கும். குணமாவது கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால்தான்.

பயணக்குழுவோடு இருந்த ஷோஷோனி இனத்து இளம்பெண் சகாகவேயா பிப்ரவரி 11 அன்று பிரசவித்ததைப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். கிலுகிலுப்பைப் பாம்பின் வால் வளையம் இரண்டை உடைத்துத் தண்ணீரில் கொடுத்ததாகவும் பத்து நிமிடத்தில் குழந்தை பிறந்ததாகவும் லூயிஸ் எழுதுகிறார். அதனால்தானா என்று அவருக்கே சந்தேகம். பேச்சில் மருந்து என்று சொல்ல வேண்டாம்.

தக்கலை வாசகர்

இவ்வளவு கிடைக்கும்னு எதிர்பார்க்கல. மண்வீட்டு மாதிரிக்கும் அளவு சொல்லுங்க அண்ணாச்சி. பெண்கள்தான் வீட்டுக்குச் சொந்தக்காரங்கன்னு ஒரு இடத்துல பார்த்தேன். நம்ம நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மாதிரியேவா?

பூதப்பாண்டி வயல்

பாதி ஒப்பு, பாதி இல்லை. தாய்வழிதான், குலம் தாயிடமிருந்து வரும். ஆனால் நம்ம பக்கத்தில் சொத்து அம்மாவன் (தாய்மாமன்) கையிலிருந்து மருமகன் கைக்குப் போச்சு, நிர்வாகம் ஆணிடம். அங்கே வீடும் வயலும் விளைச்சலும் பெண்கள் பேரில். அக்கா தங்கைகளும் அவர்கள் பெண்மக்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள், கல்யாணம் ஆன ஆண் மனைவி வீட்டுக்குப் போவார். கோட்டைக்கு வந்த சோளத்தை முதுகில் சுமந்து வந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். பிள்ளைகள் பேச்சில் மருமக்கள்வழி என்று ஒரு வார்த்தை சொல்லலாம், அதே முறை என்று சொல்லாதீர்கள்.

கோட்டாறு ஆசிரியர்

மண்வீடு: வட்டம், குறுக்களவு 30 முதல் 60 அடி வரை. உங்கள் கணக்குக்கு 40 அடி எடுத்தால் 10 அங்குலம் வரும். நடுவில் நான்கு பெருந்தூண், அவற்றை இணைக்கும் நான்கு உத்திரம். சுற்றிலும் ஆள் உயரத்தில் ஒரு டஜன் சிறுதூண் வட்டமாக, அவற்றின் மேலும் உத்திரம். வெளிவட்டத்திலிருந்து நடு உத்திரம் வரை வாரிக்கம்புகள், அதன் மேல் வில்லோக் குச்சி, அதன் மேல் காய்ந்த புல், கடைசியாக மண். இந்த வரிசை மாறக் கூடாது. புல்லை விட்டுவிட்டு மண்ணைப் போட்டால் குச்சி இடுக்கு வழியாக மண் வீட்டுக்குள் கொட்டும். நடுவில் புகைவாய், அதன் நேர்கீழே அடுப்பு. மழை பெய்தால் தோற்படகைக் கவிழ்த்துப் புகைவாயை மூடுவார்கள். வாசலுக்கு முன்னால் நீண்ட மூடுநடை, உள்ளே நுழைந்ததும் காற்றுத் தடுப்பு. கெடுவது தூணின் அடி. மண்ணுக்குள் நிற்கும் பகுதி உளுத்துப்போகும், பத்து வருஷம் ஒட்டிப் புதிதாகக் கட்ட வேண்டும்.

குதிரைப் பொம்மை ஒன்று வீட்டுக்குள் வையுங்கள். குளிர்கால இரவில் குதிரை வீட்டுக்குள்தான், திருடர் பயமும் உண்டு. தீனி காட்டன்வுட் பட்டையும் கிளையும். பிப்ரவரி 12 அன்று லூயிஸ் தன் இளைத்த குதிரைகளுக்கு மாவை நனைத்து வைக்கச் சொன்னார். அவை சீந்தவில்லை, மரப்பட்டையைத்தான் தின்றன.

ஒரு சேர்க்கை: மேட்டில் இருப்பது கோடை ஊர். கடுங்குளிரில் பலர் ஆற்றோரக் காட்டுக்குள் சிறிய வீடு கட்டி இறங்கிவிடுவது வழக்கம், விறகு பக்கம், காற்று அடிக்காது. வசந்த வெள்ளத்தில் அந்தச் சிறுவீடு போய்விடும், அதனால் அதைக் கனமாகக் கட்டமாட்டார்கள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கீழ்மாண்டன் ஊரில் ஆள் இருந்தார்கள். 1805 ஜனவரி 1 அன்று 16 பேர் பிடிலோடு அங்கே போய் ஆடினார்கள். ஆகவே பெரிய மண்வீட்டை வைப்பதில் தவறில்லை.

பேச்சில் ஒரு செய்தி கட்டாயம் வரட்டும். அந்த மக்கள் கதையில் முடிந்துபோனவர்கள் அல்ல. 1837-இல் நீராவிப் படகோடு வந்த அம்மை நோய் மாண்டன்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றது. மிச்சமானவர்கள் ஹிடாட்சா, அரிக்காரா மக்களோடு சேர்ந்தார்கள். மூன்று இனமும் ஒரே தேசமாக இன்றும் வடக்கு டகோட்டாவின் ஃபோர்ட் பெர்த்தோல்டில் வாழ்கிறார்கள். 1950-களில் கேரிசன் அணை அவர்களுடைய ஆற்றோர நிலத்தை, அதாவது சோளம் விளைந்த நிலத்தையே, ஒன்றரை லட்சம் ஏக்கர் அளவுக்கு மூழ்கடித்தது.

குளச்சல் கரை

பனிக்கு ரவை தூவாதீங்க, ரெண்டாம் நாளே எறும்பு வந்து கோட்டையைப் பிடிச்சிரும். உப்பும் வேண்டாம், நம்ம காத்துக்கு நீர்த்துரும். தெர்மாகோலைச் சீவித் தூவி மேல லேசா பசைத்தண்ணி தெளிச்சிருங்க. ஆத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு, அதுக்கு மேல இன்னொண்ணு, நடுவுல நீலக் காகிதம்: லூயிஸ் சொன்ன அடுக்குப்பனி.